065: வாடகை அறைக்குள் ஒரு தொலைபேசி

மட்டக்களப்பில் திருமலை வீதியால் நடந்து போகும்போது கடைகளின் பெயர்ப்பலகைகளைக் கொஞ்சம் நின்று வாசித்துப் பாருங்கள். பெயரை விடுங்கள், கீழே சின்னதாக எழுதியிருக்கிற தொலைபேசி இலக்கத்தைப் பாருங்கள். 065க்குப் பிறகு 2 வந்தால் அது ஸ்ரீலங்கா டெலிகொம் கம்பி இழுத்துக் கொடுத்த லைன். 3 வந்தால் அதே டெலிகொம் கம்பி இல்லாமல் கொடுத்த சிடிஎம்ஏ போன். 4 என்றால் சன்டெல், 2012இல் அதை டயலொக் வாங்கிவிட்டது. 5 லங்கா பெல். 7 டயலொக். 2003இல் நாடு முழுக்க இலக்கங்களைப் பத்து எண்களாக மாற்றியபோது வந்த ஒழுங்கு இது. அதைவிடக் குறைந்த எண்களோடு ஒரு மங்கின பலகை எங்கேயாவது தொங்கினால், அது 2003க்கு முந்தியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 065 எதுவுமே இல்லாமல் 077, 071 மட்டும் இருந்தால்? கடையை நாளைக்கு வேற இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தாலும் இலக்கம் தன்னோடு வரவேணும் என்று நினைக்கிற ஆள் அவர்.

என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது அந்தக் கடைசி வித்தியாசம்தான். தொலைபேசி இலக்கம் யாருக்குச் சொந்தம், கட்டடத்துக்கா ஆளுக்கா? ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருக்கிற ஊரில் இது பெரிய கேள்வி இல்லை. எங்கட ஊரில் அப்படி இல்லையே. 1978 சூறாவளி, 1990, 2004 சுனாமி, 2006-07 இடப்பெயர்வு என்று கணக்குப் பார்த்தால், ஐம்பது வயதான ஒருவர் குறைந்தது இரண்டு மூன்று தடவையாவது வீட்டைப் பூட்டிக்கொண்டோ பூட்டாமலோ எழும்பிப் போயிருப்பார். இலக்கத்தைச் சுவரில் அறைந்துவிட்டு ஆள் போய்விட்டால், அவரைத் தேடுகிறவர் எங்கே கோல் எடுப்பது?

அந்த இடைவெளியைக் கொஞ்சக் காலம் நிரப்பியது அரசாங்கமும் இல்லை, பெரிய கம்பனிகளும் இல்லை. பத்துக்குப் பத்து அடி வாடகை அறைகள். நாங்கள் அதை 'கொமினிகேசன்' என்று சொல்லுவோம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் "கொமினிகேசனுக்குப் போய்ட்டு வாறன்" என்று சொன்னபோது, ஏதோ தொடர்பாடல் பட்டப்படிப்பு என்று நினைத்துவிட்டார். இலங்கையில் தமிழிலும் சரி சிங்களத்திலும் சரி, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கடை. இன்றைக்கு அங்கே போட்டோ கொப்பி எடுக்கலாம், ரீலோட் போடலாம், அசைன்மென்ட்டுக்கு ஸ்பைரல் பைன்டிங் செய்யலாம். வந்தாறுமூலை வளாகத்துக்கு எதிரே எங்கட பரீட்சைக் காலமெல்லாம் அந்தக் கடைகளில்தான் கழிகிறது. போன் பேச யாரும் போவதில்லை. பெயர் மட்டும் மிச்சம்.

கொஞ்சம் பின்னால் போவோம். இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி 1858இல் வந்தது. அதற்குப் பிறகு நூறு வருசத்துக்கு மேல் தபால், தந்தி, தொலைபேசி எல்லாம் ஒரே திணைக்களத்தின் கையில் இருந்தன. 1980இல்தான் தொலைத்தொடர்பைத் தபாலில் இருந்து பிரித்தார்கள். அதுவரைக்கும் சாதாரண ஆளுக்குத் தொலைபேசி என்றால் தபால் கந்தோரில் ட்ரங்க் கோல் பதிந்துவிட்டுக் காத்திருப்பது. வீட்டுக்குள் போன் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால் ஊரின் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று தெரியும்: கோட்டைக்குள் இருந்த கச்சேரி, பொலிஸ், ஆஸ்பத்திரி, வங்கி, மிஷன் வீடுகள், பெரிய வியாபாரிகள், டொக்டர், சட்டத்தரணி. 1990இல் கூட முழு இலங்கைக்கும் நூறு பேருக்கு ஒரு இணைப்பு இருக்கவில்லை. இருந்ததில் பெரும் பங்கு கொழும்புப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

கம்பியின் பலவீனத்தை ஊர் கண்டது 1978 நவம்பர் 23இல். அன்றிரவு அடித்த சூறாவளியில் மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. தென்னையே நிற்காத இடத்தில் தொலைபேசித் தூண் நிற்குமா? சூறாவளியைப் பற்றிப் பேசுகிற வயதானவர்கள் காற்றைச் சொன்ன கையோடு அடுத்ததாகச் சொல்வது, உயிரோடு இருக்கிறோம் என்று வெளியே இருக்கிற சொந்தத்துக்கு அறிவிக்க வழி இல்லாமல் இருந்த நாட்களை.

இனி வாடகை விஷயத்துக்கு வருவோம், இதை விளங்கினால்தான் கொமினிகேசன் விளங்கும். செப்புக் கம்பித் தொலைபேசியில், எக்சேஞ்சில் இருந்து உங்கள் வீடு வரைக்கும் உங்களுக்கென்றே ஒரு சோடிக் கம்பி வர வேண்டும். எக்சேஞ்சில் இடம் வேண்டும், வீதியில் தூண் வேண்டும், அந்தத் தூணில் மிச்சக் கம்பி இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் வரிசையில் தூங்கும். வருசக்கணக்கில் தூங்கின கதைகள் ஏராளம். கடைசியில் லைன் கிடைத்தால் அது அந்தக் கட்டடத்தின் ஒரு உறுப்பு, கிணறு மாதிரி. வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். வாடகைக்கு வருகிறவர் போனோடு சேர்த்து வாடகை கொடுப்பார், போகும்போது போனை விட்டுவிட்டுப் போவார். பில்லைக் கட்டாமல் போய்விட்டால் வீட்டுக்காரர் தலையில் விழும் என்பதால், போன் இருக்கிற அறையை வாடகைக்கு விடுவதற்கு ஆயிரம் யோசனை. சுழற்றுகிற டயலுக்குச் சின்னப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருந்த வீட்டுக்காரர்களைப் பற்றி அம்மாவின் தலைமுறையில் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கிறது. கட்டையைத் தட்டித் தட்டி டயல் இல்லாமலே இலக்கம் எடுக்கிற வித்தை தெரிந்த பொடியன்மாரைப் பற்றியும்.

ஆகவே புதிதாக ஒருவர் சின்ன அறை எடுத்துத் தொழில் தொடங்கினால் அவருக்குத் தொலைபேசி என்பது விண்ணப்பித்துப் பெறுகிற சேவை இல்லை. ஏற்கனவே லைன் இருக்கிற சுவரைத் தேடிப் பிடிப்பது. 90களில் நகரில் வந்த கொமினிகேசன்கள் பலவும் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. லைன் இருந்த வீட்டின் முன் விறாந்தையை மறைத்துக் கதவு வைத்தவை சில. லைன் உள்ள வீட்டுக்காரரைச் சரிக்கட்டி முன்னறையை மட்டும் வாடகைக்கு எடுத்தவை சில. மூலதனம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மேசை, ஒரு போன், நேரம் பார்க்க ஒரு மணிக்கூடு அல்லது மீட்டர், பில் புத்தகம், சுவரோரம் ஒரு வாங்கு, மூலையில் பிளைவுட் பலகையால் அடைத்த ஒரு கூடு, அதற்குள் ஒரு ஸ்டூல். பிறகு பெக்ஸ் மெசின் வந்தது, அதன் பிறகு போட்டோ கொப்பி. கடைக்காரரின் உண்மையான சொத்து அந்த இலக்கம். ஊரில் நூறு குடும்பத்தின் வெளிநாட்டுச் சொந்தங்களிடம் அது எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

ஏன் வெளிநாடு? 1990ஐத் தொடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும் ஏறாவூரில் வீடுகளுக்குள் இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். செப்டம்பரில் நான் இப்போது படிக்கிற இதே வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பவில்லை. சில நாட்களில் சத்துருக்கொண்டான். போகக்கூடியவர்கள் போனார்கள். கொழும்புக்கு, இந்தியாவுக்கு, சுவிசுக்கு, லண்டனுக்கு, கனடாவுக்கு. போனவருக்கும் இருப்பவருக்கும் இடையில் மிஞ்சியது கடிதமும், அந்த வாடகை அறையின் இலக்கமும்.

கடையின் வரும்படி பற்றி நான் முதலில் நினைத்திருந்தது, ஆட்கள் வந்து வெளிநாட்டுக்குக் கோல் எடுப்பார்கள், நிமிசத்துக்கு இவ்வளவு என்று அறவிடுவார்கள் என்பது. அது இருந்தது, ஆனால் அதை நம்பிக் கடை நடத்தியிருக்க முடியாது. வெளிநாட்டு அழைப்புகளில் டெலிகொமுக்கு 2002 ஆகஸ்ட் வரை தனியுரிமை இருந்தது. கட்டணம் சாதாரண ஆளுக்கு எட்டாத உயரத்தில். அதே நேரம் டொரொண்டோவிலும் லண்டனிலும் தமிழ்க் கடைகளில் தொலைபேசி அட்டைகள் மலிவாக விற்கத் தொடங்கியிருந்தன. ஆகவே கோல் அங்கிருந்துதான் வரும். இங்கே கடைக்காரர் அறவிட்டது 'இன்கமிங்' காசு: உள்ளே வந்த கோலைப் பேசுவதற்கு நிமிசக் கணக்கில் ஒரு தொகை. ஆளைக் கூப்பிட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தால் சைக்கிளில் ஒரு பொடியன் போவான், அதற்குத் தனிக் காசு. டெலிகொமின் பில்லில் இந்த வருமானத்துக்கு ஒரு வரி கூட இருக்காது, ஏனென்றால் உள்ளே வருகிற கோலுக்கு டெலிகொம் கட்டணம் எடுப்பதில்லை. பெரிய நிறுவனத்தின் கம்பியில் தொங்கிக்கொண்டு அந்த நிறுவனத்துக்கே தெரியாத ஒரு வியாபாரம். இதைச் சுரண்டல் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மழையில் நனைந்து மூன்று கட்டை சைக்கிள் மிதித்தவனைக் கேட்டால் வேற மாதிரிச் சொல்லுவான். எனக்கு இரண்டாவது ஆளின் பக்கம்தான் சாய்வு.

மத்திய கிழக்கை விட்டுவிட்டால் இந்தக் கதை பாதிக் கதை. புலம்பெயர்ந்தவர் என்றவுடன் நாங்கள் கனடாவையும் சுவிசையும் நினைக்கிறோம். ஆனால் காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கத்துக் கடைகளுக்கு வந்த கோல்களில் பெரும்பங்கு சவூதியில் இருந்தும் குவைத்தில் இருந்தும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் வந்த பிறகு, வீட்டு வேலைக்குப் போன பெண்களின் தொகை வருசா வருசம் கூடியது. தமிழ்ப் பெண்களும் போனார்கள், முஸ்லிம் பெண்களும் போனார்கள். அவர்களுக்குத் தன் கையில் போன் இல்லை, எஜமானி வீட்டுப் போனைத் தொட அனுமதி இல்லை. கிடைக்கிற ஐந்து நிமிசத்தில் எடுக்க வேண்டும். இந்தப் பக்கம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும், புருசன் கடலில் இருப்பான். அப்போது அந்த ஐந்து நிமிசத்தைக் கடைக்காரர்தான் கேட்டு எழுதி வைத்துச் சொல்ல வேண்டும். "காசு அனுப்பியிரிக்கு, பின்னேரம் பேங்குக்குப் போகச் சொல்லுங்க, மகளுக்குக் காய்ச்சல் மாறிட்டா." தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு கடைக்காரரின் கையெழுத்து.

வாவியின் அந்தப் பக்கத்துக்கு வருவோம். ஊருக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காக: மட்டக்களப்பு வாவி கிட்டத்தட்ட 56 கிலோமீட்டர் நீளம். கடலோரப் பக்கம் எழுவான்கரை, சூரியன் எழும் கரை. மேற்குப் பக்கம் வயலும் காடுமான படுவான்கரை. 90களில் இந்தப் பெயர்களுக்கு இன்னொரு அர்த்தமும் ஏறியது. நகரமும் பிரதான வீதியும் இராணுவத்தின் கையில், படுவான்கரை பெரும்பாலும் புலிகளின் கையில். தொலைபேசி முழுக்க இந்தப் பக்கம். அந்தப் பக்கம் பேட்டரி கொண்டுபோகவே கட்டுப்பாடு. கொக்கட்டிச்சோலையில் இருக்கிற ஒரு அம்மா மகனோடு ஐந்து நிமிசம் பேச வேண்டும் என்றால், மண்முனைத் துறையால் தோணியிலோ பாதையிலோ கடந்து, சோதனைச் சாவடியில் நின்று, அடையாள அட்டை காட்டி, கடைக்கு வந்து வாங்கில் குந்தியிருக்க வேண்டும். பின்னேரம் துறை மூட முதல் திரும்பவும் வேண்டும். மண்முனைக்குப் பாலம் வந்தது 2014இல்தான்.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது, இப்போது கேட்டால் பகிடி மாதிரி இருக்கும். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. 2006 ஏப்ரல் வரைக்கும் அந்த அரை மணி நின்றது. புலிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களின் பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஆக கிட்டத்தட்ட பத்து வருசம் வாவியின் இரண்டு கரைக்கும் இரண்டு நேரம். "ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு எடுப்பன்" என்று மகன் சொன்னால், "பழைய மூணா புது மூணா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்க மறந்தால் ஒரு நாள் பயணம் வீண். டொரொண்டோவில் இருக்கிறவன் அங்கே கோடை நேரம், குளிர்கால நேரம் என்று இன்னொரு மணித்தியாலத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பான். கோல் தவறினால் கடைக்காரரிடம் இருந்து வரும் பதில்: "மறுகா எடுப்பானாம் கா, பாத்துட்டு இரி." மட்டக்களப்பான் 'மறுகா' என்றால் அது பத்து நிமிசமாகவும் இருக்கலாம், அடுத்த கிழமையாகவும் இருக்கலாம்.

அந்தப் பிளைவுட் கூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது சத்தத்தை மறைக்காது. லைனில் இரைச்சல், தூரம் அதிகம், ஆகவே எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். வாங்கில் இருக்கிற ஆறு பேருக்கும் உங்கள் வீட்டுக் கடன் எவ்வளவு, சீதனம் எவ்வளவு, யாருக்கும் யாருக்கும் கதை இல்லை என்பதெல்லாம் தெரியும். அதோடு லைனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற நினைப்பு எல்லாருக்கும். அதனால் ஒரு தனிப் பேச்சு உருவாகியிருக்கிறது. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காத பேச்சு. "தம்பிக்குச் சுகமில்ல, ஆஸ்பத்திரியில வச்சிரிக்காங்க" என்றால் ஆஸ்பத்திரி இல்லை, பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "இஞ்ச நல்ல மழை" என்றால் செல்லடி. அழக்கூட முடியாது, அழுதால் நிமிசம் ஓடும், பின்னால் வரிசை நிற்கும். எங்கட ஆட்கள் போனில் பேசும்போது இன்றைக்கும் ஏன் இப்படி விசயத்தை மட்டும் சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிடுகிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. வாட்ஸ்அப்பில் ஓசியாக மணிக்கணக்கில் பேசலாம் என்ற காலத்திலும் என் பெரியம்மா இரண்டு நிமிசத்துக்கு மேல் பேசமாட்டா.

சாவுச் செய்தி முதலில் கடைக்காரருக்குத்தான் வரும். அதை எப்படிச் சொல்வது என்பது அவரின் தொழிலில் ஒரு பகுதியாகிவிட்டது. இளம் பெண்கள் கடைக்குத் தனியாகப் போனால் ஊர் கதைக்கும், ஆகவே கூடவே ஒரு தம்பியை அனுப்புவார்கள். தம்பிக்கு ஒரு சோடா. காதலர்களுக்கும் அந்த இலக்கம்தான்.

அந்தக் காலத்து மட்டக்களப்புச் செய்தியாளர்களுக்குக் கொழும்புப் பத்திரிகைகளை எட்டத் தொலைபேசியும் பெக்ஸும்தான் வழி. சூடான செய்தியை ஆளிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. வீரகேசரிக்கு எழுதிய ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 காலை நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் இருந்து ஒரு செய்தியை வெளியே அனுப்புவதன் விலை நிமிசக் கணக்கில் மட்டும் இருக்கவில்லை.

இந்தியாவிலும் இதே மாதிரிக் கடைகள் இருந்தனவே என்று கேட்கலாம். மஞ்சள் பலகையில் எஸ்டிடி, ஐஎஸ்டி, பிசிஓ என்று எழுதின கூடுகள், பழைய தமிழ்ப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவை அரசாங்கம் யோசித்துச் செய்தவை. சாம் பிட்ரோடாவின் காலத்தில், 1984இல் சி-டொட் தொடங்கியபோது, வீட்டுக்கு ஒரு போன் கொடுக்க முடியாது, தெருவுக்கு ஒன்று கொடுப்போம் என்று ஒரு கொள்கை முடிவு இருந்தது. பங்களாதேஷில் 1997இல் கிராமீன் கிராமத்துப் பெண்களுக்குக் கடன் கொடுத்துக் கைத்தொலைபேசி கொடுத்தது. அதைப் பற்றி உலகம் முழுக்கப் புத்தகங்கள் எழுதினார்கள். மட்டக்களப்பில் திட்டமும் இல்லை, கடனும் இல்லை, புத்தகமும் இல்லை. வாடகை கொடுக்கத் துணிந்த ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

கட்டடத்தில் இருந்து இலக்கம் கழன்றது படிப்படியாக. 1991இல் திணைக்களம் கூட்டுத்தாபனமானது. 1996இல் சன்டெலுக்கும் லங்கா பெல்லுக்கும் கம்பியில்லாமல் வீட்டுப் போன் கொடுக்க உரிமம் கிடைத்தது. 1997இல் டெலிகொமின் 35 வீதத்தை ஜப்பானின் என்டிடி வாங்கியது. கைத்தொலைபேசி கொழும்பில் 1989இலேயே செல்டெல்லோடு வந்திருந்தாலும், எங்கட பக்கம் அது பரவலாகக் கிடைத்தது 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகுதான். அடுத்த வருசம் வெளிநாட்டு அழைப்புக்கான உரிமங்களைப் பல நிறுவனங்களுக்குக் கொடுத்ததும் கட்டணம் சறுக்கி விழுந்தது. சந்திக்குச் சந்தி இன்டர்நெட் கோல் பலகைகள். கொமினிகேசன்களின் பொற்காலம் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு மூன்று வருசத்தைத்தான் சொல்லுவார்கள். பொற்காலத்துக்குள்ளேயே முடிவும் இருந்தது.

2004 டிசம்பர் 26 அலை நாவலடியையும் டச்பாரையும் திருச்செந்தூரையும் துடைத்துவிட்டுப் போனது. மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதங்களில் உலகத்தில் உள்ள எல்லா என்.ஜீ.ஓ.வும் மட்டக்களப்பில் வீடு தேடியது. வீட்டு வாடகை ஏறின கதை ஊருக்கே தெரியும். ஆங்கிலத்தில் பெயர்ப்பலகை, ஜெனரேட்டர், வாசலில் வெள்ளை ஜீப். அவர்களுக்கும் அதே பழைய பிரச்சினை: வாடகை ஒபிசுக்கு எப்படி லைன் எடுப்பது? ஆனால் இந்த முறை பதில் மாறிவிட்டது. 2005இல் சிடிஎம்ஏ போன்கள் வந்தன. பார்க்க மேசைப் போன் மாதிரி, பின்னால் ஒரு குட்டி அன்டனா, உள்ளே பேட்டரி. தூணும் வேண்டாம், எக்சேஞ்சில் இருந்து சோடிக் கம்பியும் வேண்டாம். விதிப்படி அது நிலையான போன்தான், இலக்கமும் 065தான். ஆனால் ஒபிஸ் மாறும்போது பையில் போட்டுக்கொண்டு போய் அடுத்த மேசையில் வைக்கலாம். வீட்டுக்காரரின் சுவருக்கும் இலக்கத்துக்கும் இருந்த கட்டு அங்கே அறுந்தது.

அறுந்தது நல்ல நேரத்தில் என்றுதான் சொல்ல வேண்டும். 2006 கடைசியிலும் 2007இலும் வாகரையில் இருந்தும் படுவான்கரையில் இருந்தும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்து கூடாரங்களில் இருந்தார்கள். அவர்களில் யாராவது ஒருவரிடமாவது கைபோன் இருந்தால், கூடாரம் மாறினாலும் அந்தக் குடும்பத்தைச் சொந்தங்கள் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதே போனில்தான் கப்பமும் கேட்டார்கள். வெள்ளை வான் காலத்தில் தெரியாத இலக்கம் மினுங்கினால் எடுக்கப் பயந்தவர்கள் பலர். கடையின் வாங்கில் இருந்தவருக்கு இந்தப் பயம் இல்லை. யார் எடுக்கிறார்கள் என்று கடைக்காரர் முதலில் கேட்டுவிடுவார்.

போன வருசம் எங்கட கூட்டமும் கூட்டங்கள் வைக்க, புத்தகங்கள் அடுக்க என்று ஒரு சின்ன அறை வாடகைக்கு எடுத்தது. பெயரில் ஒரு 065 இலக்கம் இருந்தால் மதிப்பு என்று ஒரு தோழர் ஆசைப்பட்டார். இணைப்புக் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் கேட்டோம். வீட்டுக்காரரின் கடிதம், ஆதன வரித் துண்டு, அடையாள அட்டைப் பிரதி. வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்: "நீங்க போனா பில்ல ஆரு மகன் கட்டுற?" முப்பது வருசத்துக்கு முந்தின அதே கேள்வி. கடைசியில் சிம் போடுகிற ரூட்டர் ஒன்று வாங்கிச் சன்னலில் வைத்தோம். அறையை விடும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

வரலாற்றுத் துறையில் எங்களுக்கு ஆவணம், ஆவணம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். மட்டக்களப்பின் 90களைப் பற்றி எழுத வருகிறவர் ஆணைக்குழு அறிக்கைகளையும் பத்திரிகைகளையும் தேடிப் போகிறார், அது சரி. ஆனால் கொமினிகேசன் பில் புத்தகங்களை யாரும் தேடவில்லை. திகதி, நேரம், நாடு, நிமிசம், சில வேளை ஊர்ப் பெயர். எந்த ஊரில் எந்தக் கிழமை திடீரென்று கோல்கள் கூடின என்று அவை காட்டியிருக்கும். யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்றும். நான் நகரிலும் செங்கலடியிலும் பழைய கடைக்காரர்கள் சிலரைப் போய்க் கேட்டேன். கறையான், வெள்ளம், சுனாமி, கடை மாறினபோது எரித்தது. ஒருவர் கச்சான் சுற்றக் கொடுத்துவிட்டாராம். "அதெல்லாம் ஆருக்குத் தம்பி வேணும்?" என்று கேட்டார். ஒரே ஒருவரிடம் 2001 புத்தகம் ஒன்று பாதி இருந்தது. நீல மை பரவிப் போயிருந்தது. சுவிஸ், சுவிஸ், குவைத், கனடா, சுவிஸ். சில வரிகளில் நிமிசத்துக்கு நேரே '0' போட்டிருந்தது. கோல் வந்தது, ஆள் வந்து சேரவில்லை.

அவரின் கடையில் இப்போது போட்டோ கொப்பியும் ரீலோடும்தான். மேசையில் பழைய போன் ஒன்று இருக்கிறது, 065க்குப் பிறகு 2. மணி அடித்து நான் கேட்கவில்லை. ஏன் இன்னும் வெட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வாவிக்கு அந்தப் பக்கத்து அம்மா ஒருவர் வருசத்தில் ஒரு தடவை வருவாவாம். மகனைக் கொண்டுபோகும்போது அவனுக்குப் பாடமாக இருந்த ஒரே இலக்கம் இந்தக் கடையின் இலக்கம்தான். 2003இல் இலக்கம் மாறினபோது, பழசுக்கு எடுத்தால் கோல் வருமா என்று கேட்டுக்கொண்டு வந்தாவாம். "வரும் என்டு சொன்னன்" என்றார். மாதம் லைன் வாடகை மட்டும் கட்டுகிறார், கோல் காசு வருவதில்லை.